முதல் ஆயிரம் கிலோ மீட்டர்! மராமத்து செய்த என்ஜினைப் பழக்குவது எப்படி?

லாரி பட்டறைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. என்ஜினை இறக்கினார்கள். அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார்கள். தேய்ந்த பாகங்களைத் தூக்கிப் போட்டார்கள். புதுச் சாமான் வாங்கிப் பூட்டினார்கள். என்ஜின் மறுபடியும் லாரியில் ஏறிவிட்டது.

சாவியைத் திருப்பியதும் 'கடகட'வென்று உயிர் வந்துவிட்டது. முதலாளியின் முகத்தில் சிரிப்பு. டிரைவரின் முகத்திலும் சிரிப்பு. வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஆனால் வேலை முடியவில்லை. கடைசி வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அது நடக்கும் இடம் பட்டறை அல்ல, ரோடு. அதைச் செய்கிறவர் மெக்கானிக் அல்ல, டிரைவர்.

மராமத்து செய்த என்ஜின் நெடுநாள் உழைக்குமா, சீக்கிரம் படுத்துவிடுமா? முதல் ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டம் இதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. அதிலும் முதல் சில மணி நேரம் மிக முக்கியம். இந்தக் காலத்துக்கு 'ரன்னிங் இன்' என்று பெயர். தமிழில் சொன்னால், என்ஜினைப் பழக்குவது.

மாட்டைப் பழக்குவது உண்டு. குதிரையைப் பழக்குவது உண்டு. இரும்பைக்கூடப் பழக்க வேண்டுமா? ஆம், பழக்கத்தான் வேண்டும்!

குடும்பத்தின் பணம்

ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்கு லாரிதான் நிலம். லாரிதான் வீடு. பிள்ளையின் படிப்பும், பெண்ணின் கலியாணமும் அந்தச் சக்கரத்தின் மேல்தான் ஓடுகின்றன.

பெரிய லாரியின் என்ஜினை முழுவதும் பிரித்துச் செய்தால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். கையில் இருக்கும் பணம் போதாது. வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும். லாரி பட்டறையில் நிற்கும் நாட்களில் வருமானமும் நின்றுவிடும். தவணை மட்டும் நிற்காது.

இவ்வளவு செலவு செய்த என்ஜின், ஆறு மாதத்தில் மறுபடியும் புகை கக்கினால் எப்படி இருக்கும்?

"மெக்கானிக் ஏமாற்றிவிட்டார்" என்பார் முதலாளி. "டிரைவர் கெடுத்துவிட்டார்" என்பார் மெக்கானிக். "அவ்வளவு லோடு ஏற்றச் சொன்னது நானா?" என்று கேட்பார் டிரைவர். சண்டை ஓயாது. என்ஜினும் தேறாது.

பல சமயங்களில் பட்டறை வேலையில் குறை இருக்காது. சாமானிலும் குறை இருக்காது. முதல் சில நாட்கள் ஓட்டிய விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள என்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

என்ஜினின் இதயம் சிலிண்டர். அது உருண்டையான ஒரு குழாய். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்தான் சிலிண்டர். உள்ளே போய் வரும் கட்டைதான் பிஸ்டன்.

பிஸ்டனுக்கு மேலே எண்ணெய் தீப்பிடிக்கிறது. அந்த நெருப்பின் சூடு 2,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். நெருப்பின் வேகம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளலில்தான் சக்கரம் சுற்றுகிறது.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். பிஸ்டன் சூட்டில் விரியும். விரிய இடம் வேண்டாமா? அதற்காகவே அந்த இடைவெளி.

ஆனால் அந்தச் சந்து வழியாக நெருப்பின் புகை கீழே இறங்கிவிடக் கூடாது. கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறிவிடவும் கூடாது. இந்த இரண்டையும் தடுக்கும் காவல்காரன் யார்? பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் மெல்லிய வளையம். பட்டறையில் அதற்கு 'ரிங்' என்று பெயர். ஒரு பிஸ்டனில் பெரும்பாலும் மூன்று ரிங் இருக்கும். மேலே உள்ள இரண்டும் புகையைத் தடுக்கும். கடைசி ரிங் சுவரில் ஒட்டிய ஆயிலை வழித்துக் கீழே தள்ளும்.

ரிங் தேய்ந்தால் காவல் போய்விட்டது என்று அர்த்தம். ஆயில் மேலே ஏறி எரியும். நீல நிறமாகப் புகை வரும். வண்டி இழுக்காது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் 'குபுகுபு'வென்று புகை வரும். இந்த அடையாளங்களைப் பார்த்துத்தான் என்ஜினைப் பிரிக்கிறார்கள்.

ஷில்லிங் காசின் கனம்

சிலிண்டரும் பிஸ்டனும் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும் என்ற கவலை இன்று நேற்று வந்தது அல்ல.

ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜினைத் திருத்தி அமைத்த மேதை. அவருக்கே இது பெரிய தலைவலியாக இருந்தது. உருண்டை சரியாக அமைந்த சிலிண்டர் அவருக்குக் கிடைக்கவில்லை. சந்து வழியாக நீராவி ஓடியது.

அவரைக் காப்பாற்றியவர் ஜான் வில்கின்சன் என்ற ஆங்கிலேயர். அவர் பீரங்கிக் குழாய்களைக் குடைந்தவர். 1775-ம் ஆண்டு அவர் சிலிண்டர் குடையும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். 50 அங்குல அகலச் சிலிண்டரைக் குடைந்தார். அதில் இருந்த வித்தியாசம் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனம்கூட இல்லை என்று வாட்டின் கூட்டாளியான போல்டன் பெருமையோடு எழுதினார். அந்தக் காலத்துக்கு அது மகா அதிசயம்!

அப்போதெல்லாம் பிஸ்டனைச் சுற்றிச் சணல் கயிறு திணிப்பார்கள். அதுதான் அன்றைய ரிங். 1850-ம் ஆண்டுகளில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரெயில்வே என்ஜினீயர் வெட்டு விட்ட உலோக வளையத்தைக் கொண்டுவந்தார். அது தானாகவே விரிந்து சுவரை அழுத்தியது. இன்று ஓடும் லாரியிலும், மோட்டார் சைக்கிளிலும் அந்த வளையத்தின் வாரிசுதான் இருக்கிறது.

இன்று ஒரு காசின் கனம் வித்தியாசம் இருந்தால் என்ஜின் ஓடவே ஓடாது. கணக்கெல்லாம் தலைமயிரின் கனத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அம்மி கொத்துவது போல!

தேய்ந்த சிலிண்டரை என்ன செய்வார்கள்?

சில என்ஜின்களில் சிலிண்டருக்குள் 'லைனர்' என்ற தனிக் குழாய் இருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் புது லைனர் போடலாம். லைனர் இல்லாத என்ஜினை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் குடைவார்கள். அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள்.

குடைந்த பிறகு ஒரு முக்கியமான வேலை உண்டு. அதற்கு 'ஹோனிங்' என்று பெயர். சாணைக்கல்லைச் சிலிண்டருக்குள் விட்டுச் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுப்பார்கள். சுவர் முழுவதும் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் விழும். பார்த்தால் பாய் பின்னல் போல இருக்கும்.

பணம் கொடுத்துப் புதிதாகச் செய்த சுவரில் எதற்குக் கீறல்? பளபளவென்று இருந்தால் நல்லதுதானே?

அம்மியை நினைத்துப் பாருங்கள். மிக்சியும் கிரைண்டரும் வந்த பிறகு 'அம்மி கொத்தலையோ' என்ற குரல் தெருவில் குறைந்துவிட்டது. ஆனால் பாட்டிமார்களுக்கு நினைவிருக்கும். வழவழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாது, வழுக்கிக்கொண்டு போகும். உளி வைத்துக் கொத்திய பிறகுதான் அரைபடும்.

சிலிண்டர் கதையும் அதுதான். வழவழப்பான சுவரில் ஆயில் தங்காது. புது ரிங்கும் பொருந்தாது. கீறல் இருந்தால் அந்தப் பள்ளத்தில் ஆயில் தங்கும். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் இருக்கும்.

கீறலின் முனைகள் அரம் போலவும் வேலை செய்கின்றன. புது ரிங்கின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். கீறலின் முனை அந்த மேட்டைத் தேய்க்கிறது. ரிங் கீறலின் முனையைத் தேய்க்கிறது. இரண்டும் தேய்ந்து தேய்ந்து ஒன்றுக்கு ஒன்று பொருந்திவிடுகின்றன. இதைத்தான் "ரிங் உட்கார்ந்துவிட்டது" என்று மெக்கானிக் சொல்கிறார்.

புதுச் செருப்பு முதலில் கடிக்கும். காலும் செருப்பும் பழகிய பிறகு கடி நிற்கும். அது போலத்தான் இதுவும்.

ஒரு வித்தியாசம் உண்டு. செருப்பு எப்போது வேண்டுமானாலும் பழகும். ரிங்குக்கு அவகாசம் குறைவு. கீறலின் முனை கூர்மையாக இருக்கும் வரைதான் அது அரம். முனை மழுங்கிவிட்டால் பிறகு தேய்க்காது. அதற்குள் ரிங் உட்கார்ந்துவிட வேண்டும்.

அழுத்தம் வேண்டும்

ரிங் எப்போது சுவரை நன்றாக அழுத்தும்? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

ரிங்குக்குத் தானாக விரியும் சக்தி உண்டு. ஆனால் அது கொஞ்சம்தான். எண்ணெய் எரியும்போது உண்டாகும் புகையின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து, அதைச் சுவரை நோக்கித் தள்ளுகிறது. அதுதான் பெரிய சக்தி.

என்ஜின் பாரம் இழுக்கும்போது அழுத்தம் அதிகம். சும்மா நிறுத்தி ஓடவிட்டால் அழுத்தம் குறைவு. ஆகவே புது என்ஜினுக்கு வேலை கொடுக்க வேண்டும். வேலை கொடுத்தால்தான் ரிங் உட்காரும்.

பட்டறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"என்ன மேஸ்திரி, ராத்திரி முழுக்க வண்டியை இப்படியே ஓட விட்டுடலாமா? காலையிலே என்ஜின் நல்லாப் பழகியிருக்குமே!"

"வேண்டாம் முதலாளி! சும்மா ஓடவிட்டா பழகாது, கெட்டுத்தான் போகும். நாளைக்குப் பாதி லோடு ஏத்தி அனுப்புங்க. பழக்கம் ரோட்டுலேதான் வரும்."

மேஸ்திரி சொல்வது சரி. அழுத்தம் இல்லாமல் மணிக்கணக்கில் ஓடினால் ரிங் சுவரைத் தேய்க்காது. மேலோடு தடவிக்கொண்டே இருக்கும். சுவரில் தங்கிய ஆயில் சூட்டில் காய்ந்து வார்னிஷ் போலப் படியும். கீறலெல்லாம் மூடிக்கொள்ளும். சுவர் கண்ணாடி போல மெருகு ஏறிவிடும்.

மெருகு ஏறிய சிலிண்டரில் ரிங் உட்காருவது கடினம். ஆயில் எரிந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் மறுபடியும் என்ஜினைப் பிரிக்க வேண்டும். மறுபடியும் ஹோனிங் செய்ய வேண்டும். அடகுக் கடைக்குப் போன நகை திரும்புவதற்குள் அடுத்த நகையும் போக வேண்டியதுதான்!

கலியாண மண்டபங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் உள்ள டீசல் ஜெனரேட்டர்களுக்கும் இந்த நோய் வரும். பாரம் இல்லாமல் நெடுநேரம் ஓடும் ஜெனரேட்டரின் சிலிண்டர் மெருகு ஏறிக் கெட்டுப்போகும். அதனால்தான் அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவாவது பாரம் கொடுத்து ஓட்டச் சொல்கிறார்கள்.

முரட்டுத்தனமும் ஆகாது

அப்படியானால் முதல் நாளே முழு லோடு ஏற்றி, மிதித்து ஓட்டிவிடலாமா? அதுவும் ஆபத்து!

புது என்ஜினில் எல்லாம் இறுக்கமாக இருக்கும். உராய்வு அதிகம். உராய்வு அதிகம் என்றால் சூடும் அதிகம். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சிலிண்டர் பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். சூடு எல்லை மீறினால் இடைவெளி மறைந்துவிடும். பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும். ஓடுகிற என்ஜின் நடுரோட்டில் நின்றுவிடும்!

ஆகவே சோம்பலாக ஓடவிடுவதும் தவறு. சூறாவளியாக ஓட்டுவதும் தவறு. அளவான வேலை, நடுநடுவே இளைப்பாறல். இதுதான் பழக்கும் ரகசியம்.

இளங்காளையை ஏரில் பழக்கும் விவசாயிக்கு இது தெரியும். அதைத் தொழுவத்திலேயே கட்டிப்போட்டால் அது உழக் கற்காது. முதல் நாளே நாள் முழுவதும் உழவைத்தால் படுத்துவிடும். நாலு சால் ஓட்டி, நிறுத்தி, மறுபடியும் ஓட்டுவார். என்ஜினுக்கும் அதே வைத்தியம்தான்.

முதல் அரை மணி

முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஜாக்கிரதை தொடங்குகிறது.

பிரித்துப் பூட்டிய என்ஜினுக்குள் ஆயில் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. பேரிங்குகள் காய்ந்த நிலையில் சுற்றக் கூடாது. ஆகவே நல்ல மெக்கானிக், பூட்டும்போதே எல்லாப் பாகத்திலும் ஆயில் தடவுவார். பிறகு தீப்பிடிக்காமல் என்ஜினைச் சில தடவை சுற்றவைப்பார். ஆயில் பம்ப் ஆயிலை மேலே ஏற்றும். ஆயில் அழுத்தம் காட்டும் முள் அசைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்.

ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். உள்ளே காற்று அடைத்திருக்கக் கூடாது. டீசல் குழாயிலும் காற்று இருக்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் எல்லோரும் என்ஜின் சத்தத்தைத்தான் கேட்பார்கள். மெக்கானிக்கின் கண் ஆயில் முள்ளின் மேல் இருக்கும். சில விநாடிகளில் முள் ஏறவில்லை என்றால் உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

சில பழைய மாதிரி பெட்ரோல் என்ஜின்களில் புது கேம் ஷாப்ட் போட்டிருந்தால் தனி முறை உண்டு. ஸ்டார்ட் ஆனதும் மெதுவாக ஓடவிடாமல், நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டச் சொல்கிறார்கள். மெதுவாகச் சுற்றினால் கேம் ஷாப்ட்டுக்குப் போதிய ஆயில் தெறிக்காது. அதுதான் காரணம்.

மற்றபடி கசிவு இருக்கிறதா, சூடு ஏறுகிறதா, தட்டும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்த உடனே வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். வாசலில் நிறுத்தி ஓடவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியது இல்லை.

ரோட்டில் எப்படி ஓட்டுவது?

சமதரையான ரோடு நல்லது. கூட்டம் இல்லாத நேரம் நல்லது. பாரம் பாதி இருந்தால் போதும்.

நடுத்தர கியரில் வண்டியைச் சீராக வேகம் எடுக்க வைக்க வேண்டும். ரிங் அழுத்தப்படும். பிறகு காலை எடுத்துவிட வேண்டும். வண்டி தானாக வேகம் குறையும். என்ஜினின் சூடு தணியும். மறுபடியும் வேகம், மறுபடியும் இளைப்பாறல். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை செய்தால் ரிங் உட்காரத் தொடங்கிவிடும்.

அடுத்த சில நூறு கிலோ மீட்டருக்கும் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போகக் கூடாது. வேகத்தை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். நாற்கரச் சாலை நீளமாக இருக்கிறதே என்று ஒரே மிதியாக மிதித்துக்கொண்டு போவது கூடாது.

பெரிய கியரில் போட்டு, மெதுவான வேகத்தில் என்ஜினை முனக வைக்கவும் கூடாது. இழுக்கவில்லை என்றால் கியரைக் குறைக்க வேண்டும்.

மலை ஏற்றம் முதல் ஆயிரம் கிலோ மீட்டருக்கு வேண்டாம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியில் இருந்து திம்பத்துக்கு 27 வளைவுகள். அந்த ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு புது என்ஜினை ஏற்றுவது, நடக்கப் பழகும் குழந்தையின் தலையில் நெல் மூட்டையை வைப்பது போல!

ஒரு கணக்குப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மீட்டருக்கு 1,800 சுற்று. ஆயிரம் கிலோ மீட்டருக்கு 18 லட்சம் சுற்று! ஒவ்வொரு ரிங்கும் 18 லட்சம் தடவை மேலே போய்க் கீழே வருகிறது. பழகுவதற்கு இது போதாதா?

முதல் மாவைக் கொட்டுவது ஏன்?

புது ஆட்டுக்கல் வாங்கினால் வீட்டில் என்ன செய்வார்கள்? உடனே இட்லிக்கு மாவு ஆட்டமாட்டார்கள். தவிடோ, மட்ட அரிசியோ போட்டு ஆட்டிக் கொட்டுவார்கள். கல்லின் துகள் அதோடு போய்விடும். இரண்டு மூன்று தடவை ஆட்டிக் கொட்டிய பிறகுதான் சாப்பாட்டுக்கு மாவு ஆட்டுவார்கள்.

புது என்ஜினில் முதலில் ஊற்றிய ஆயிலும் அந்தத் தவிடு போலத்தான். ரிங்கும் சுவரும் தேய்ந்த பொடி அதில் கலந்திருக்கும். பூட்டும்போது தப்பிய தூசியும் இருக்கும். அந்த ஆயில் பேரிங்குகளுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தால் நல்ல பாகமும் தேய்ந்துவிடும்.

ஆகவே முதல் ஆயிலைச் சீக்கிரம் இறக்கிவிட வேண்டும். சிலர் முதல் நூறு கிலோ மீட்டருக்குள்ளேயே மாற்றிவிடுகிறார்கள். பிறகு ஐந்நூறில் ஒரு தடவை. ஆயிரத்தில் ஒரு தடவை. ஆயிலோடு பில்டரையும் மாற்ற வேண்டும்.

"நல்ல ஆயிலை வீணாகக் கொட்டுகிறார்களே!" என்று மனம் பதறும். ஆனால் சில லிட்டர் ஆயிலின் விலையையும் புது பேரிங்கின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பதற்றம் அடங்கிவிடும்.

கழற்றிய பில்டரை மெக்கானிக் சிலர் அறுத்துப் பார்ப்பார்கள். மினுமினுக்கும் மெல்லிய பொடி இருந்தால் பயம் இல்லை. அது பழகும்போது தேய்ந்த பொடி. செதில் செதிலாக உலோகம் இருந்தால் எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

எந்த ஆயில் ஊற்றுவது? மராமத்து செய்கிறவர்களில் பலர் முதலில் சாதாரண மினரல் ஆயிலைத்தான் விரும்புகிறார்கள். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் அதிகம் வழுக்கும். ரிங் தேய்ந்து பொருந்த நாளாகும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சில புது மாதிரி கார்கள் தொழிற்சாலையில் இருந்தே சிந்தெடிக் ஆயிலோடுதான் வெளிவருகின்றன. ஆகவே என்ஜின் கம்பெனியின் புத்தகத்தையும், செய்த மெக்கானிக்கின் வார்த்தையையும் கேட்பதே நல்லது.

வானத்திலும் அப்படியே!

ரோட்டில் என்ஜின் நின்றால் ஓரம் கட்டலாம். வானத்தில் நின்றால்?

அமெரிக்காவில் உள்ள லைகோமிங் கம்பெனி சிறு விமானங்களுக்கு என்ஜின் செய்கிறது. மராமத்து செய்த என்ஜினை எப்படிப் பழக்குவது என்று அது விமானிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. பூப்போலப் பறக்கச் சொல்லவில்லை. பறக்கத் தொடங்கியதும் என்ஜினின் சக்தியில் 75 சதவீதம் வரை வேலை கொடுக்கச் சொல்கிறது. பிறகு 65, 75 என்று மாற்றி மாற்றிப் பறக்கச் சொல்கிறது. பொதுவாக முதல் 50 மணி நேரத்துக்கு, அல்லது ஆயில் செலவு ஒரே அளவில் நிற்கும் வரை, மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்கிறது.

பட்டறை மேஸ்திரி சொல்வதும், விமான என்ஜின் கம்பெனி சொல்வதும் ஒன்றுதான்!

முன்காலத்தில் பயம் அதிகம். 1950, 1960-ம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் புதுக் கார் வாங்கியவர்கள், பின்னால் கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டுவார்கள். 'என்ஜின் பழகுகிறது, முந்திச் செல்லுங்கள்' என்பது அதன் பொருள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் தொந்தரவு செய்யக் கூடாதே!

இப்போது குடையும் இயந்திரங்கள் நேர்த்தியாகிவிட்டன. ஹோனிங்கும் நுட்பமாகிவிட்டது. ரிங்கும் உயர்ந்த உலோகத்தில் வருகிறது. ஆகவே பழகும் காலம் குறைந்துவிட்டது. ஆனால் அடியோடு மறைந்துவிடவில்லை. அதிலும் பட்டறையில் கையால் மராமத்து செய்த என்ஜினுக்குப் பழக்கம் அவசியம் வேண்டும்.

வெளிநாடுகளில் சில மெக்கானிக்குகள் குறுக்கு வழியும் தேடினார்கள். ரிங் உட்காராவிட்டால், பாத்திரம் தேய்க்கும் பவுடரை என்ஜின் காற்று இழுக்கும் வழியில் கொட்டுவார்களாம்! பவுடர் சுவரைத் தேய்க்கும், பேரிங்கையும் தேய்த்துவிடும். காலில் முள் எடுக்கக் கோடாரி தேடுவது போன்ற வைத்தியம் அது.

பழகிவிட்டதா? எப்படித் தெரியும்?

பழகிய என்ஜின் அடையாளம் காட்டும்.

முதல் நாட்களில் ஆயில் கொஞ்சம் குறையும். தினமும் காலையில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து, அளவைக் குறித்து வைக்க வேண்டும். நாளாக ஆகக் குறைவது அடங்கி ஒரே நிலைக்கு வந்துவிட்டால், ரிங் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் கொஞ்சம் உயர்ந்து நின்ற சூட்டு முள் கீழே இறங்கி நிற்கும். புகை நிற்கும். வண்டியின் இழுவை கூடும். காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும்.

ஆயிரம் கிலோ மீட்டர் முடிந்ததும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மெக்கானிக் டாப்பெட் இடைவெளியைச் சரி பார்ப்பார். பழைய மாதிரி என்ஜின் என்றால் ஹெட் போல்ட்டுகளை மறுபடியும் முறுக்குவார். கசிவு இருந்தால் அடைப்பார். "இனி முழு லோடு ஏத்தலாம்" என்று அவர் சொன்ன பிறகு ஏற்றலாம்.

நினைவில் வைக்க...

லாரிக்குச் சொன்னது பஸ்ஸுக்கும், காருக்கும், டிராக்டருக்கும், கிணற்று மேட்டு டீசல் பம்புக்கும் பொருந்தும். புது ரிங் போட்ட மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

* ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில், தண்ணீர் பார்க்கவும்.

* ஆயில் முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்தவும்.

* சும்மா நிறுத்தி நெடுநேரம் ஓடவிட வேண்டாம்.

* பாதி பாரத்தில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டவும்.

* முழுப் பாரம், மலை ஏற்றம், ஒரே மிதி கூடாது.

* முதல் ஆயிலையும் பில்டரையும் சீக்கிரம் மாற்றவும்.

* தினமும் ஆயில் அளவைக் குறித்து வைக்கவும்.

* பழகும் வரை வண்டியை ஒரே டிரைவரிடம் விடவும். புது ஆளிடம் கொடுக்க வேண்டாம்.

கடைசி யோசனையைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். என்ஜினின் சத்தம் தினமும் கேட்கும் காதுக்குத்தான் தெரியும். நேற்று இல்லாத 'டக் டக்' சத்தம் இன்று கேட்டால், பழகிய டிரைவர் உடனே காலை எடுப்பார். புது ஆளுக்கு அது தெரியாது.

முதலாளிக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தவணை நெருக்குகிறது, லோடு காத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் முதல் வாரத்தில் பாதி பாரம் ஏற்றினால் நஷ்டம் சில நடைகளின் பாதி வாடகை. என்ஜின் மறுபடியும் பட்டறைக்குப் போனால் நஷ்டம் ஒரு வருஷத்து உழைப்பு.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது' என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அது என்ஜினுக்கும் பொருந்தும். முதல் ஆயிரம் கிலோ மீட்டரில் நன்றாகப் பழகிய டீசல் என்ஜின், அதற்குப் பிறகு சில லட்சம் கிலோ மீட்டர் முகம் சுளிக்காமல் உழைக்கும்!